ஐந்தாவது கல்

துரை கல்லை எடுத்தது சரிதான். அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. எங்காவது ஒரு சிலையை இறக்கினாலோ ஒரு தெருவுக்குப் பெயர் மாற்றினாலோ எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. மகன் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிஷம் கத்தினார்கள். நடுவில் இரண்டு முறை காபி வந்தது. என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்த மாதிரி ஒரு வேலையை முன்னின்று செய்தவன் அந்தக் கூடத்தில் நான் ஒருத்தன்தான். கேட்காதவர்களுக்கு எழுதித்தான் வைக்க வேண்டும்.

ஐம்பத்தேழாம் வருஷம், மாசி மாதம். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் பஞ்சாயத்து போர்டு குமாஸ்தாவாக இருந்தேன். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு வயது இருபத்தாறு. ஆபீஸில் நாற்காலி ஐந்து. அதில் கால் ஆடாதது இரண்டு, ஒன்று தலைவருக்கு, ஒன்று எனக்கு.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏரிக்கரை வரைக்கும் போகும் ரோடு எண்ணூற்று நாற்பது தப்படி. அரசாங்கத் தாளில் அந்த ரோட்டுக்கு ஒரு வெள்ளைக்காரக் கேப்டனின் பெயர். ரோட்டின் தென்புறத்தில் அவனுக்கு ஒரு கருங்கல் தூண் நின்றது. ஒன்பது அடி உயரம், நாலு பட்டை, ஒரு பட்டையில் பதினோரு வரி இங்கிலீஷ். ஊரில் எல்லோருக்கும் அது துரை கல். மாடு கட்டுவார்கள். சந்தைக்குப் போகிற வழியில் முதுகைச் சாய்த்துக் கொள்வார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நூறு வருஷத்துக்கு மேலாக யாரும் கேட்டதில்லை.

நான் படித்தேன். ஒரு மத்தியானம் வேலை இல்லாமல் பென்சிலோடு போய்ப் பதினோரு வரியையும் எழுதி எடுத்து, தமிழ்ப்படுத்தித் தலைவர் மேஜையில் வைத்தேன். மைசூர்க்காரர்களோடு நடந்த சண்டையின்போது பணிய மறுத்த ஏழு கிராமங்களுக்குத் தீ வைத்து அவற்றைப் பணிய வைத்தவருக்கு, அந்தப் பெருமைக்காக நண்பர்கள் நிறுத்திய கல் என்று இருந்தது. ஏழு ஊரின் பெயரும் இருந்தது.

போர்டு கூட்டத்தில் அதைப் படித்தபோது ஒரு மெம்பர் எழுந்து கேட்டார்: "ஏழுல எங்க ஊரும் கீதா?"

"இருக்குதுங்க. நாலாவது பெயர்."

"அதான்யா எங்க ஊர்ல ஒரு பழைய வீடு இல்ல. நான் எங்க தாத்தன் சோம்பேறின்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்."

அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு யாருக்கும் அந்தக் கல் அங்கே நிற்பது பிடிக்கவில்லை. சிப்பாய்க் கலகத்துக்கு நூறு வருஷம் ஆகிறது என்று பேப்பர்களில் வந்துகொண்டிருந்த சமயம் வேறு. கல்லை எடுத்துவிட்டு ரோட்டுக்குத் தேசத்தலைவர் ஒருவரின் பெயர் வைப்பது என்று தீர்மானம் வந்தது. ஒன்பது மெம்பரில் ஏழு பேர் சரி என்றார்கள். இரண்டு பேர் கூடாது என்றார்கள். அந்த இரண்டில் ஒருவர் பட்டாளத்திலிருந்து திரும்பியவர். "செத்தவன் கல்லைப் புடுங்கறது எந்த ஊர் மரியாதை? நான் கலெக்டருக்கு எழுதிப் போடுவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் எழுதிப் போடுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று தலைவருக்கு அவசரம். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ஆர்டர்ல துரை பேரு வரக் கூடாது. நாளைக்கு ஒருத்தன் தாளை எடுத்து நீட்டினா, ரோட்டோரம் ஒரு கல்லை அப்புறப்படுத்தினோம், அவ்வளவுதான்."

"எந்தக் கல்லுன்னு எப்படி சார் எழுதறது?"

"நீதான் காக்கா குருவியைக்கூட எண்ணுவியே. எண்ணி எழுது."

எண்ணினேன். மூன்று தரம் நடந்து எண்ணினேன். தென்புறம், பஸ் நிற்கும் இடத்திலிருந்து கிழக்கே: மைல் கல் ஒன்று. போர்டு எல்லைக் கல் இரண்டு. சுமைதாங்கிக் கல் மூன்று. பர்லாங் கல் நாலு. துரை கல் ஐந்து. 'ரோட்டின் தென்புறம் மேற்கிலிருந்து ஐந்தாவதாக உள்ள கல்லை எடுத்து, பாலம் வேலை நடக்கும் இடத்தில் உடைத்து உபயோகத்துக்குச் சேர்க்க வேண்டியது' என்று எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வரும் கல் வேலை மேஸ்திரிக்கு அனுப்பினேன். பாலம் வேலை நாலு மைல் தள்ளி ஓடையில் நடந்துகொண்டிருந்தது.

சுமைதாங்கியைப் பற்றி இங்கே நாலு வரி எழுத வேண்டும். என் பேரன்கள் பார்த்ததில்லை. நட்ட கல் இரண்டு, அதன் மேல் குறுக்கே படுத்த கல் ஒன்று. ஆள் தலை உயரம். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர்கள் குனியாமல், துணைக்கு ஆள் தேடாமல், அதன் மேல் சுமையைத் தள்ளிவிட்டு மூச்சு வாங்கிக் கொள்ளலாம். திரும்ப அப்படியே தலைக்கு மாற்றிக்கொண்டு போகலாம். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் செத்துப் போனால் அவள் வீட்டார் ஒரு சுமைதாங்கி போடுவார்கள். அவள் இறக்க முடியாமல் கொண்டுபோன சுமை, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்க இறக்கக் குறையும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை நான் சரிபார்த்ததில்லை. ஆனால் ஒரு சந்தை நாளில் ஆபீஸ் ஜன்னலிலிருந்து எண்ணியிருக்கிறேன். காலை ஆறரையிலிருந்து பத்து வரைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு சுமை.

வேலைக்குக் குறித்ததும் குந்தாரப்பள்ளிச் சந்தை நாள்தான். விடிவதற்குள் முடித்துவிடச் சொல்லியிருந்தேன். ஏழரை மணிக்கு சைக்கிளில் வந்தேன், என் காரியம் நல்லபடி முடிந்திருப்பதைப் பார்க்க.

துரை கல் நின்றுகொண்டிருந்தது. பதினோரு வரியும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

அதற்கு இந்தப் பக்கம் முப்பது நாற்பது பேர் கூட்டம். சுமைதாங்கியின் இரண்டு கால்களும் அப்படியே இருந்தன. மேலே ஒன்றும் இல்லை. ஒரு காலின் அடியில் கற்பூரம் எரிந்த கறை. விறகுக் கட்டோடு ஒரு அம்மாள், கட்டை இறக்க இடமில்லாமல், கழுத்து நரம்பு புடைக்க நின்றபடி என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏ குமாஸ்தய்யா! துரை கல்லு எடுக்கறம், துரை கல்லு எடுக்கறம்னு ஊரெல்லாம் தமுக்கு அடிச்சீங்களே, துரை அங்க ஜம்முனு நிக்கறாரு. எங்க கல்லு எங்கய்யா?"

"யார் எடுத்தது?"

"யாரு எடுத்ததா? போர்டு ஆர்டர்னு சொல்லித்தான் எட்டு ஆளு வண்டி கட்டிக்கினு வந்து எடுத்தானுங்க. கேட்டா தாளை நீட்டறானுங்க. எனக்கு இன்னா படிக்கவா தெரியும்? அந்தத் தாள்ல இந்த விறகை எறக்கி வெக்கட்டுமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் இன்னொருவரும் பிடித்து அவள் கட்டை இறக்கினோம். என் சட்டைப் பொத்தானில் ஒன்று போய்விட்டது. அவள் குரலைத் தாழ்த்தி, "அதோ குந்தியிருக்காரு பாரு, அவரு பொண்ணு கல்லுய்யா அது" என்றாள்.

அறுபது வயதிருக்கும் ஒருவர் மேல் கல் இல்லாத அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அருகில் புளிக் கூடை. பக்கத்துக் கிராமத்து விவசாயி. முழு மாதத்தில் பிள்ளையோடு போன மகளுக்காகப் பதினோரு வருஷத்துக்கு முன்பு அந்தக் கல்லைப் போட்டவர். சந்தைக்குச் சுமையோடு வந்தவர் இதைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை, யாரையும் திட்டவில்லை. நான் அவர் பக்கம் போகவில்லை. சைக்கிளைத் திருப்பினேன்.

கல் பாலம் வேலைக்குப் போயிருக்கிறது. பாலம் வேலைக்குப் போன கல்லை உடைப்பார்கள். உடைக்கச் சொன்னது என் கையெழுத்தில் இருக்கிறது. நாலு மைலும் இதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. இரண்டு இடத்தில் சங்கிலி கழன்றது. மாட்டு வண்டி மணிக்கு இரண்டு மைல்; ஐந்தரைக்குக் கிளம்பியிருந்தால் ஏழரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நான் போய்ச் சேரும்போது எட்டரை. ஒரு மணி நேரத்தில் நாலு உளி என்னவெல்லாம் செய்யும்?

ஓடைக்கு மேலேயே உளிச் சத்தம் கேட்டது. இறங்கி ஓடினேன். கல் மணலில் கிடந்தது, மஞ்சள் பூசிய பக்கம் மேலாக. நடுவில் செங்காவியால் கோடு போட்டு, கோட்டின் மேல் ஆப்பு இறக்குவதற்குப் பதினாலு புள்ளி வைத்திருந்தார்கள். ஒன்பது புள்ளியில் குழி விழுந்திருந்தது. இன்னும் ஐந்து முடிந்தால் ஆப்பு வைத்து நாலு சம்மட்டி அடி, கல் இரண்டு.

"நிறுத்து! நிறுத்துய்யா!"

மேஸ்திரி எழுந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னோடு தமிழில்தான் பேசுவார். "இன்னா அய்யா, இப்படி மூச்சு வாங்குது? தண்ணி குடிங்க."

"எந்தக் கல்லை எடுத்தீங்க?"

"நீங்க எழுதின கல்லுதான். அஞ்சாவது." மடியிலிருந்து தாளை எடுத்தார். "எங்க ஊரு வாத்தியாரு ரெண்டு தரம் படிச்சுச் சொன்னாரு."

"ஐந்தாவது துரை கல்லுய்யா!"

"அது எப்படி அய்யா?" அவர் மணலில் உட்கார்ந்து விரலை மடக்கினார். "மைல் கல்லு ஒண்ணு. எல்லைக் கல்லு ரெண்டு. சுமைதாங்கியில நட்ட கல்லு மூணு, நாலு. மேல படுத்த கல்லு அஞ்சு. பர்லாங் கல்லு ஆறு. துரை கல்லு ஏழாவது இல்ல வருது?"

"சுமைதாங்கி ஒரு கல்லுதானே?"

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். "அய்யா, அத்த ஒரு கல்லுன்னு எண்றவன் நாங்க செதுக்கறப்ப வந்து தூக்கிப் பாக்கணும். மூணு கல்லு. மூணுக்கும் தனித்தனி வண்டி."

"சுமைதாங்கின்னு தெரிஞ்சுமா எடுத்தீங்க?"

"தெரியாம இன்னா? மனசு ஒப்பல. ரோட்டை அகலம் பண்றாங்க போலன்னு நெனச்சம். கற்பூரம் ஏத்திக் கும்பிட்டுத்தான் கை வெச்சம். ஒரு கல்லுன்னு எழுதியிருந்துது, ஒண்ணுதான் எடுத்தம். மூணையும் நாலையும் தொட்டமா? தொடல."

  என் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கில் எண்ணியிருக்கிறேன். மாட்டுத் தலை, மூங்கில், ஓட்டுச் சீட்டு, மழை நாள். தப்பு வந்ததில்லை. இதிலும் என் எண்ணிக்கை தப்பு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் எண்ணிக்கையும் தப்பில்லை. தாளில் 'துரை கல்' என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் இரண்டு பேரும் எண்ணியிருக்கவே வேண்டாம். எழுதாதது யார் சொல்லி என்பது வேறு விஷயம். எழுதாத கை என்னுடையது.

கல்லைத் திரும்ப வண்டியில் ஏற்றினோம். மேஸ்திரி ஒன்பது குழியையும் விரலால் தடவிப் பார்த்து, ஆழம் இரண்டு அங்குலம், கல் தாங்கும் என்றார். "ஆனா குழி மேல் பக்கமா இருக்கணும். கீழ போட்டா பாரத்துக்கு வாய் பொளந்துக்கும்."

ஊருக்குத் திரும்பும்போது பதினொன்றேகால். கூட்டம் பாதி சந்தைக்குப் போயிருந்தது, மீதி போகவில்லை. தலைவர் வந்து நின்றிருந்தார். அவர் அந்தப் பெரியவரிடம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்.

"கல் வேலைக்காரனுங்க தப்பு பண்ணிட்டானுங்க. அவனுங்களை நான் பாத்துக்கறேன். இது உடைஞ்சிருந்தாலும் கவலை இல்லை, போர்டே உங்களுக்கு சிமெண்ட்ல புதுசா ஒண்ணு கட்டும். தளம் போட்டு, உங்க பொண்ணு பேரைப் பொறிச்சு..."

மேஸ்திரி வண்டியிலிருந்து இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு பேரின் மூன்று மாத வேலை தலைவர் வாயில் இருந்தது.

"இல்லை சார்" என்றேன். "அவங்க தாள்ல இருந்ததைச் செஞ்சாங்க. தாளை எழுதினது நான்."

தலைவர் என்னை முறைத்தார். அந்த முறைப்பு அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தது. பெரியவர் அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"நீயா எழுதின?"

"நான்தான்."

"இந்த வழியாத்தான தெனமும் ஆபீசுக்குப் போற?"

"ஆமாம்."

"தெனமும் பாத்துட்டு, இது இன்னது, இது யாருதுன்னு எழுதாத, நம்பர் எழுதினயா? செயிலுல போடற மாதிரி?"

 அவர் எழுந்தார். வண்டிக்குப் போனார். கல்லின் மேல் கையை வைத்து, ஒவ்வொரு குழியாக விரலை விட்டுப் பார்த்தார். அவரும் ஒன்பதையும் விடாமல் பார்த்தார்.  உடைந்த கல்லைத் திரும்ப வைக்கக் கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இது உடையவில்லை, ஆனால் முழுசாகவும் இல்லை. வேண்டாம் என்று அவர் சொன்னால் அவ்வளவுதான். அவர் மகளுக்கு ஒன்றும் இல்லை, நட்ட இரண்டு கால்களைத் தவிர.

தலைவர், "சிமெண்ட்டுன்னா ஐம்பது வருஷம்..." என்று ஆரம்பித்தார்.

"சிமிட்டியும் வேணாம், பேரும் வேணாம்" என்றார் பெரியவர். "பேரு எழுதி வெச்சா நாளைக்கு யாராச்சும் வந்து படிப்பான். படிச்சுட்டு, இவ யாரு, இவ எதுக்கும்பான். பேரில்லாத இருக்கட்டும், எறக்கிட்டுப் போறவன் போவட்டும்." பிறகு மேஸ்திரியிடம் திரும்பினார். "இத்த எப்படி வெப்பீங்க?"

"குழி மேல வர்ற மாதிரிதான் பெரியவரே. அப்பத்தான் நிக்கும். அசிங்கமாத் தெரியும்."

பெரியவர் குழிகளை இன்னொரு தரம் பார்த்தார். "தெரியட்டும். குழியில மஞ்சள் வழியாத நிக்கும்" என்றார்.

ஏற்ற எட்டு பேர் போதவில்லை. கூட்டத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். பட்டாளத்து மெம்பரும் ஒரு ஓரத்தில் தோள் கொடுத்தார்; கொடுத்துக்கொண்டே, "செத்தவங்க கல்லைத் தொடாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை, கையில் பாரம் இருந்தது. கல் தன் இடத்தில் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம்.

விறகுக்கார அம்மாள் தன் கட்டை எடுத்து அதன் மேல் போடப் போனாள். பெரியவர் தடுத்தார். புதிதாகக் கல் போட்டால் முதல் சுமையை வீட்டு ஆள்தான் இறக்க வேண்டும். திரும்ப வைத்ததற்கும் அதே முறை என்றார். அவர்தான் இறக்கப் போகிறார் என்று எல்லோரும் வழி விட்டோம். அவர் புளிக் கூடையைக் காட்டி, என்னிடம், "தலையைக் குடு" என்றார்.

"நானா?"

"ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வா. அப்பறம் வந்து எறக்கு."

தலைவர், "ஏய்யா, குமாஸ்தா அவரு" என்றார். விறகுக்கார அம்மாள், "குமாஸ்தான்னா தலை இல்லியா?" என்று சொல்லித் தன் சும்மாட்டைக் கழற்றி என் தலையில் வைத்தாள். இரண்டு பேர் கூடையைத் தூக்கி வைத்தார்கள். இருபது வீசை, இப்போதைய கணக்கில் இருபத்தெட்டு கிலோ இருக்கும். நான் தலையில் சுமை தூக்கியது அதற்கு முன்பு இல்லை. முதல் இருபது தப்படி ஒன்றும் தெரியவில்லை. பிறகு கழுத்து தெரிந்தது. துரை கல்லைத் தாண்டும்போது கண்ணுக்கு நேரே பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பினால் கூடை சாய்கிறது. ஏரிக்கரைக்கு முன்னூற்றுப் பத்து தப்படி. திரும்ப முன்னூற்றுப் பத்து. வரும்போது நூற்றெழுபது வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை. எண்ணிக்கை விட்டுப்போனது எனக்கு நினைவு தெரிந்து அது ஒன்றுதான்.

கல்லுக்கு முன்னால் வந்து நின்று, எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் நின்றேன். "முட்டியை மடக்காத. நிமிந்து நின்னு முன்னால சாஞ்சு தள்ளு" என்று பின்னாலிருந்து அம்மாள் சொன்னாள். தள்ளினேன். கூடை கல்லின் மேல் போய் உட்கார்ந்தது. கழுத்து என்னிடம் திரும்ப வந்தது.

அடுத்த வாரம் ஆர்டரைத் திருத்தி, 'துரை கல்' என்று எழுதி, நானே அடியில் கையெழுத்துப் போட்டேன். கலெக்டருக்கு மனு போகவில்லை. துரை கல்லை எடுத்தபோது வேடிக்கை பார்க்க வந்தது பதிமூன்று பேர். அதில் நாலு பேர் ஆடு மேய்க்கிறவர்கள். ரோட்டுக்குப் புதுப் பெயரில் இரண்டு பலகை வைத்தோம். தீ வைத்தவனின் பெயர் போனது நல்லதுதான். மறுபடி செய்யச் சொன்னாலும் செய்வேன்.

ஆனால் அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு எனக்கு வேண்டியிருந்தது வேறு. அந்தப் பெரியவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். போகட்டும் என்றோ, போடா என்றோ. அவர் கல்லின் மறுபக்கம் போய், சும்மாட்டைத் தலையில் சரிசெய்து, ஒரு கையால் கூடையின் விளிம்பைப் பிடித்து, குனியாமல் அதைத் தலைக்கு இழுத்துக்கொண்டார். சந்தை கலைய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அதற்குள் புளியை விற்க வேண்டும். வேகமாக நடந்து போனார்.